விழாத எட்டுத் தடைகள்

ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் எங்கள் பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் தினமும் ஒரே பேச்சுதான். யாராவது செய்தித்தாளில் பதக்கப் பட்டியலை விரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, நம் நாடு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். விரல் கீழே போகப் போக எல்லோருக்கும் கோபம் ஏறும். "நூத்தி நாப்பது கோடிப் பேருங்க. இதுல ஒருத்தனுக்குக்கூடவா ஓடத் தெரியாது?" என்பார் ஒருவர். கிரிக்கெட்டைத் திட்டுவார்கள், மந்திரிகளைத் திட்டுவார்கள், சோற்றைத் திட்டுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் என் குரல்தான் ஓங்கி இருக்கும். "நம்ம ஆளுங்களுக்கு உறுதி பத்தாதுங்க" என்று நான் அடித்துச் சொன்னதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கடைசியாக நடந்த ஒலிம்பிக்கின்போது டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். காரணம், நான் என் கையால் செய்த எட்டுத் தடைகள்.

நாமக்கல்லுக்கு வெளியே, சேலம் போகும் சாலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமாக, வெறும் சேஸாக வரும் வண்டிக்குக் கேபினும், பின்னால் சரக்கு ஏற்றும் பாடியும் கட்டிக் கொடுப்பது தொழில். எங்கள் தொழிலில் பாராட்டு ஒரே விதம்தான். வண்டி எடுக்க வருகிறவர் பக்கப் பலகையைப் பிடித்துத் தன் பலம் கொண்ட மட்டும் உலுக்கிப் பார்ப்பார். அது அசையக் கூடாது. அசைந்தால் அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த வண்டியை வேறு பட்டறையில் விட்டுவிடுவார். இருபத்தைந்து வருடமாக அசையாத பொருளாகச் செய்து பழகியவன் நான். கல்யாண மண்டபத்தில் உட்காரும் நாற்காலி ஆடினால்கூடக் குனிந்து அதன் காலைப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத நீளக் கால் அவளுக்கு. பள்ளியில் எண்பது மீட்டரில் எட்டுத் தடை தாண்டும் ஓட்டத்தில் சேர்ந்திருந்தாள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளவயது விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் பட்டறைக்கே வந்தார். "பாப்பாவுக்கு இது தன்னால வருதுங்க. வருசா வருசம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறாங்க. அதுல எடுத்துட்டாங்கன்னா படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. இந்த ஓட்டத்துக்கு ஒம்பதாவது வரைக்குந்தான் சேப்பாங்க. அதை உட்டா அப்பறம் முடியாதுங்க" என்றார். அன்று சாயங்காலம் மகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எடுத்துட்டாங்கன்னா என்னைய அனுப்புவீங்களாப்பா?" அனுப்புவேன் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். மனைவி சம்மதிக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. சுவரில் விடுதியின் படம் ஒன்றை ஒட்டிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள்.

அவள் பயிற்சி எடுப்பதைப் பார்க்க ஒருநாள் பள்ளிக்குப் போனேன். பார்த்ததும் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு சவுக்குக் குச்சியை வைத்திருந்தார்கள். அதுதான் தடை. ஆறு பெண்கள் வரிசையாக ஓடி வந்து அதைத் தாண்டினார்கள். யார் காலாவது பட்டால் குச்சி தெறித்து விழும். விழுந்தால் சிரிப்பார்கள், விழுந்ததை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் ஓடுவார்கள். ஊரெல்லாம் ஓடும் வண்டிக்குப் பாடி கட்டுகிறவன் மகள் செங்கல்லையும் குச்சியையும் தாண்டுவதா என்று எனக்குக் கொதித்தது. ஆசிரியரிடம் போய், "சார், எட்டுத் தடையும் நான் செஞ்சு தாரேன்" என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி உயரம், அகலம் சொன்னார். "ரெண்டரை அடிங்க. ரொம்ப வேண்டாமுங்க, லேசா இருந்தாப் போதுமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி இலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, போதுங்க, போதுங்க என்றால், இன்னும் இரண்டு கரண்டி வைக்க வேண்டும் என்று அர்த்தம். வைக்காவிட்டால் அவருக்கு மனத்தாங்கல், நமக்குக் கெட்ட பெயர். அந்த ஆசிரியர் சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சும்மா கொடுக்கிறேன் என்கிறவனிடம் நல்ல மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் காட்டிய படத்தில் தடையின் அடிக்கால் ஒரு பக்கம் மட்டும்தான் நீண்டிருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. இது கவிழ்ந்துவிடுமே, எந்த முட்டாள் இப்படிச் செய்தான் என்று எனக்குள் சிரித்தும் கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். பட்டறையில் ஆள் இருந்தும் வெல்டிங்கை நானே பிடித்தேன். லாரிக்குப் போடும் கனத்த இரும்பு ஆங்கிளையே போட்டேன். இரண்டு பக்கமும் கால் வைத்து, அடியில் கனமான தகட்டைச் சேர்த்து ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு மனைவி மூன்று முறை போன் செய்தாள், போகவில்லை. கடைசித் தடையை முடித்ததும் நானே அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். எங்கள் வெல்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல லாரி மோதுனாலும் லாரிக்குத்தாங்க சேதம்" என்றார். அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

பெயின்டர் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, ஓரத்தில் லாரிக்குப் போடுகிற மாதிரி தாமரைப் பூ ஒன்றையும் வரைந்துவிட்டார். குறுக்குக் கட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டார். கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்கும் ஊர் எங்களுடையது. நான் மட்டும் எழுதாமல் விடுவேனா? எட்டுத் தடையிலும் பட்டறைப் பெயரை எழுதச் சொன்னேன். "புள்ளைக ஓடுமா, நின்னு படிக்குமா?" என்றாள் மனைவி.

பள்ளியில் இறக்கியபோது ஒரு தடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியை எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிள்ளைகளை நிறுத்திக் கைதட்ட வைத்தார்கள், படம் எடுத்தார்கள். விளையாட்டு ஆசிரியர் மட்டும் ஒரு தடையின் கட்டையைக் கையால் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். பிறகு என்னைப் பார்த்து, "நெம்ப உறுதியா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் பல நாள் மிதந்தேன்.

முதல் வாரமே மகளின் கணுக்கால் வீங்கியது. தடையில் இடித்துக்கொண்டாளாம். எண்ணெய் போட்டு நீவிவிட்டு, "பாத்துத் தாண்டு சாமி" என்றேன். அடுத்து வேறொரு பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்து தையல் போட்டார்கள். அவள் அப்பா வந்து, பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். ஒருத்திக்கு வயிற்று வலி, ஒருத்திக்கு டியூஷன். இரண்டு மாதத்தில் ஆறு பேரில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் எரிச்சலாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, உறுதி பத்தாது என்று நான் ஓங்கிப் பேசியது அந்த நாட்களில்தான்.

கோடிக் கணக்கைச் சொல்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அந்தக் கோடியும் ஓட்டக் களத்தில் வந்து நிற்கிறதா என்ன? எங்கள் பள்ளியில் நின்றவர்கள் ஆறு பேர். அந்த ஆறை இரண்டாக்கியது எந்த மந்திரியும் இல்லை. இதை எழுதும்போது அந்தத் தையல் போட்ட காலும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்ணை இப்போதும் வழியில் பார்ப்பேன். அவள் வணக்கம் சொல்வாள், எனக்குத்தான் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விடத் தோன்றும்.

என் மகள் நின்றுவிடவில்லை. இடித்துக்கொள்ளாமல் தாண்டக் கற்றுக்கொண்டாள். கட்டைக்கு மேலே நன்றாக ஒரு சாண் இடைவெளி விட்டு எம்பித் தாண்டுவாள். பார்க்க அழகாக இருக்கும். அவள் மேலே போவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு விம்மும். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். அதில் கலந்துகொண்டவர்களே நான்கு பேர்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு சேலத்தில் நடந்தது. மகளையும் ஆசிரியரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். மைதானத்தில் முறையான தடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒல்லியாக, பார்க்கவே நோஞ்சானாக இருந்தன. பக்கத்தில் போய் விரலால் தொட்டேன். ஒன்று கவிழ்ந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்து நிறுத்தினேன். நம்முடையது எவ்வளவோ மேல் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

விசில் ஊதினார்கள். பக்கத்துத் தடத்தில் ஓடிய பெண் குட்டையானவள், கறுத்து மெலிந்தவள், என் மகளின் தோளுக்குத்தான் வருவாள். அவள் இரண்டாவது தடையைக் காலால் தட்டிவிட்டாள். அது விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவதையும் தட்டினாள், ஏழாவதையும் தட்டினாள். அவள் தொலைந்தாள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் மகள் எட்டுத் தடையிலும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒரு சாண் மேலே, அதே அழகோடு தாண்டினாள். ஆனால் அந்தக் குட்டைப் பெண் முதலில் வந்தாள். என் மகள் ஐந்தாவதாக வந்தாள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. மேஜையில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன். "ஏனுங்க, அந்தப் பொண்ணு மூணு தட்டி உட்டுருச்சு. அவளுக்கு எப்படிங்க முதல் எடம்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தட்டலாம் சார். கால் பட்டா விழுறதுக்குத்தான் அதை அப்படிச் செஞ்சிருக்கு. வேணும்னு தட்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் என் மகளின் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது உங்க பொண்ணா? நல்ல காலு சார். ஆனா ரொம்பப் பயப்படுது. இவ்வளவு உசரம் எம்புனா காத்துலயே நேரம் போயிடும். எங்க பழகுச்சு? மொதல்லயே இப்படிப் பழகிட்டா மாத்துறது கஷ்டம்" என்றார்.

அந்தக் குட்டைப் பெண்ணின் அம்மா வேலி ஓரமாகத் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அயோத்தியாப்பட்டணம் பக்கம், கூலி வேலைக்குப் போகிறவர். "உங்க பொண்ணு எங்கங்க பழகுச்சு?" என்று கேட்டேன். "ஸ்கூல்லதாங்க. அங்க ஒண்ணும் கெடையாதுங்க. ரெண்டு பக்கமும் கல்லு, மேல குச்சி. காலு பட்டா உழுந்துடும், எடுத்து வெச்சிட்டுத் திரும்ப ஓடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு, என் சட்டையையும் காரையும் பார்த்து, வசதியில்லாததைச் சொன்னதற்கு வெட்கப்படுவது போலச் சிரித்தார்.

திரும்பி வரும்போதும் நான்தான் வண்டியை ஓட்டினேன். ஆசிரியர் முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்தார். மகள் பின்னால் சன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "சார், தடை விழோணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலைங்க?"

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஆசையா செஞ்சு கொண்டாந்தீங்க. பேரு எழுதியிருந்துச்சு. பொன்னாடை போத்திட்டாங்க. அப்பறம் எப்படிங்க சொல்லுவேன்? ஹெச்.எம்.கிட்டச் சொன்னேன். குடுத்தவங்க மனசு நோகற மாதிரிப் பேசாதீங்கன்னுட்டாங்க. தனியா உங்கள வந்து பாக்கலாம்னு ரெண்டு நாளு பட்டறை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேனுங்க."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். பிள்ளையின் வாழ்க்கையைவிட என் மனசா பெரியது என்று கத்தினேன். அப்போது பின்னாலிருந்து மகள், "சாரைத் திட்டாதீங்கப்பா. நாந்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கைப்பேசியில் ஓட்டப் போட்டிகளைப் பார்த்து, தடைகள் விழுவதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். "நீங்க சோறுகூடத் திங்காம ஒரு நாளு முழுக்க உக்காந்து செஞ்சீங்க. அதான்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. வண்டியை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதுவும் என்மேல் வைத்த மரியாதையால்.

ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு தேர்வு இருந்தது. அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. மறுநாளே எட்டுத் தடைகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்து, பின்பக்கக் கால்களை அறுத்து எறிந்தேன். ஆங்கிளை எடுத்துவிட்டு லேசான குழாயைப் போட்டேன். குறுக்குக் கட்டையையும் மாற்றினேன். இந்த முறை எழுத்து எதுவும் வேண்டாம் என்று பெயின்டரிடம் சொன்னேன். விரலால் தள்ளினால் கவிழ்கிற பொருளை என் ஆயுளில் அன்றுதான் முதன்முதலாகச் செய்தேன். ஆசிரியரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பட்டறையை வெல்டரிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். "இப்ப உழும் சாமி. காலு பட்டாப் படட்டும், தாழப் போ" என்று ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் தலையை ஆட்டுவாள். ஓடுவாள். தடைக்கு முன்னால் வந்ததும் அந்த உடம்பு தானாக மேலே எம்பும். ஒரு சாண். ஆசிரியர் குச்சியையும் செங்கல்லையும் வைத்துப் பார்த்தார். குச்சியையும் அவள் ஒரு சாண் மேலேதான் தாண்டினாள். வெறும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடவிட்டபோது மற்ற பெண்களைப் பின்னால் விட்டுவிட்டுக் காற்றைப் போலப் போனாள். நீளக் காலும் வேகமும் எங்கேயும் போய்விடவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி என்னதான் பயம் உனக்கு?" என்று கத்திக்கொண்டே தடத்துக்குள் இறங்கி, எட்டுத் தடைகளையும் ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துத் தள்ளினேன். "பாரு, உழுகுதா இல்லையா? பாரு" என்றேன். மற்ற பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் வந்து, விழுந்த தடைகளை எல்லாம் எடுத்து நிறுத்தினாள். தொடக்கக் கோட்டுக்கு நடந்து போனாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எட்டுத் தடை. எட்டிலும் ஒரு சாண்.

மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றாள். முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்தபடியே, "எனக்குத் தெரியுதுங்கப்பா. காலுக்குத்தான் தெரிய மாட்டீங்குது" என்றாள்.

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.